மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வலிப்பும் வந்துவிட்டால், இனி அறிவு வளர்ச்சி இருக்காதா?

இரண்டு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். இப்போது வலிப்பும் வரத் தொடங்கியிருக்கிறது. 'இனி இவனுக்குப் புத்தி வளராது' என்று உறவினர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது. இரண்டு வயதில் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எந்தப் பரிசோதனைக்கும் இல்லை. நான் மருத்துவர் அல்ல. இத்தகைய குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் சிறப்பாசிரியை. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மற்றதை நான் பார்த்தவரையில் சொல்கிறேன்.

வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குக் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த பிறகு மழலைப் பருவத்திலோ நேர்ந்த பாதிப்பால் அசைவும் உடல் நிலைப்பாடும் கெடுவதே மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு பிறகு பரவுவதில்லை. ஆனால் அசைவை ஆளும் பகுதியோடு மட்டும் அது நின்றுவிடும் என்பதற்கும் உறுதியில்லை. இந்தக் குழந்தைகள் பலருக்கு வலிப்பும் பார்வைக் கோளாறும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருப்பதை, உளப்பகுப்பாய்வுக்குப் பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1897ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 2012இல் அயோனா நோவாக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு வலிப்பு நோயும், 2 பேரில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருப்பது தெரிந்தது. அதாவது பாதிப் பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை. இந்தப் பாதியைத்தான் உங்கள் உறவினர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் மகன் எந்தப் பக்கம் என்பதை ஓரளவுக்கு ஊகிக்க, பாதிப்பு மூளையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்து, மூளையின் உட்புற வெள்ளைப் பகுதி மட்டும் பாதிக்கப்பட்டு, இரண்டு கால்களும் விறைத்திருக்கும் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு குறைவு; அவர்களில் பலர் நன்றாகப் படிக்கிறார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணி பாதிக்கப்பட்டால் வலிப்பின் வாய்ப்பு கூடும். ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் அதனால்தான் வலிப்பை அதிகம் பார்க்கிறோம். கை, கால் நான்கும் கடுமையாக முடங்கியவர்களுக்கு இரண்டு சிக்கல்களும் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு, உங்கள் மகனுக்கு எந்தப் பகுதி என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ஆனால் உடல் எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை வைத்து அறிவை அளக்காதீர்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை மிகக் கடுமையாகி, அதனால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுவன் எங்கள் வகுப்புக்கு வந்தான். கை நீட்டினால் உடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். ஒரு சொல்கூடத் தெளிவாக வராது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு என்று அவனுடைய அறிக்கை சொன்னது. கட்டைகளைக் குறித்த நேரத்துக்குள் அடுக்கச் சொல்லியும், கேள்விக்கு வாயால் பதில் கேட்டும் எழுதப்பட்ட அறிக்கை அது. நாங்கள் அவனை இடுப்பும் தலையும் சாயாதபடி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் படங்களை மாட்டி, பதிலைக் கண்ணால் பார்க்கச் சொன்னோம். அவசரப்படுத்தவில்லை. எண்களும் எழுத்துகளும் கதையும் அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தன! அக்கா வீட்டில் பாடம் படிக்கும்போது கேட்டுக் கற்றிருக்கிறான். அந்த வகைப் பாதிப்பில் உடலும் பேச்சும் மிகவும் சிதைந்திருக்க, அறிவு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருப்பது புதிதல்ல. அதைத் தேடாமலேயே அறிக்கை எழுதியதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இனி வலிப்புக்கு வருகிறேன். மூளையில் எந்தக் காயத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறதோ, அதே காயம்தான் பல குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சியையும் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. அவ்வப்போது வந்துபோகும் சிறு வலிப்பு ஒவ்வொன்றும் அறிவை அரித்துவிடுகிறது என்று நினைத்து உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் கட்டுக்குள் வராத வலிப்பு தன் பங்குக்குக் கெடுதல் செய்யும் என்பதும் உண்மை. ஒரு சிறுமி பேசிக்கொண்டிருந்த சொற்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். பகலில் வலிப்பு எதுவும் தெரியவில்லை. உறக்கத்தின்போது எடுத்த, மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவில்தான் மூளையில் ஓயாத மின் கொந்தளிப்பு இருப்பது தெரிந்தது. அதற்குச் சிகிச்சை தொடங்கினார்கள். கற்றதைக் குழந்தை இழந்தால், 'இந்த நோய் அப்படித்தான்' என்று இருந்துவிடாதீர்கள். மூளை முடக்குவாதத்தின் பாதிப்பு தானாக வளர்வதில்லை என்பதால், பின்னடைவுக்கு வேறு காரணம் இருக்கிறது என்றே பொருள்.

இன்னொன்றும் மிக அவசரமானது. ஒரு வயதுக்குள், சில குழந்தைகளிடம் இரண்டு வயதுவரைகூட, தூங்கி எழும்போது தலை முன்னே கவிழ்ந்து, கைகள் சட்டென விரிந்து மடங்கும் அசைவு தொடர்ச்சியாக வரலாம். பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றோ திடுக்கிடல் என்றோ எண்ணுவார்கள். அது குழந்தைப் பருவத்துக்கே உரிய ஒரு கடுமையான வலிப்பாக இருக்கலாம். அதில் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும். கைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். மற்ற அசைவுகளுக்கும் காணொளி எடுத்து வைப்பது நல்லது. தசை முறுக்கம், திடுக்கிடல், உணவு எதுக்களித்தல் ஆகியவையும் வலிப்பைப் போலவே தோற்றம் காட்டும். இ.இ.ஜி. இயல்பாக இருந்தால் வலிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

மருந்தைத் தவறாமல் கொடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பே வந்துவிடக்கூடும். அதேவேளை மருந்து அவனை எப்படி வைத்திருக்கிறது என்றும் கவனியுங்கள். ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் போன்றவை மந்தத்தைத் தரலாம்; லெவட்டிராசிட்டம் சில குழந்தைகளை எரிச்சலுள்ளவர்களாக மாற்றும். காலை முழுவதும் தூங்கி வழியும் குழந்தைக்குக் கற்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழியிருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

வலிப்பு வரும் நேரத்தில் செய்ய வேண்டியது எளிது: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, இடையில் நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே கொடுக்கக்கூடிய அவசர மருந்து அவனுக்கு வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவுத்திறனைச் சோதிப்பதற்கு அவசரம் வேண்டாம். 5 வயதுக்கு முன் 'பொதுவான வளர்ச்சித் தாமதம்' என்றுதான் பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். இந்த வயதில் கிடைக்கும் எண் நிலையானதல்ல. இப்போது பார்க்க வேண்டியது காதும் கண்ணும். கண் நன்றாக இருந்தும், பார்ப்பதை மூளையால் பிரித்தறிய முடியாத நிலை இந்தக் குழந்தைகளிடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் படம் காட்டிச் சோதித்தால் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்த பிறகும் அறிவுத்திறன் குறைபாடு இருப்பது உறுதியாகலாம். என் மாணவர்களில் பலருக்கு அது உண்டு. ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் மேதை ஒளிந்திருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அந்தப் பேச்சு உண்மையில் மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு அநீதி செய்கிறது. அவன் தன் அளவில் கற்றதைக் கொண்டாட விடாமல் செய்துவிடுகிறது. ஒரே பாடத்தைச் சிறு சிறு படிகளாக, பலமுறை, அதே வரிசையில் கற்பித்தால் அவர்களும் கற்கிறார்கள். பசியையும் வலியையும் தெரிவிக்கவும், தனக்குப் பிடித்தவரை அழைக்கவும் கற்றுக்கொள்வது சிறிய கல்வியல்ல.

எந்த அறிக்கைக்கும் காத்திராமல் நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. அவனை நன்றாகச் சாய்த்து உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த பொருள் ஒன்றையும் பிடிக்காதது ஒன்றையும் இடைவெளி விட்டுக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். பத்து நொடியாவது பொறுத்திருங்கள். அவனுடைய தசைகளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படும். கண் ஒரு பக்கம் நின்றால் அந்தப் பொருளைக் கொடுங்கள், பிறகு இடம் மாற்றிக் கேளுங்கள். என்ன கேட்டீர்கள், அவன் எங்கே பார்த்தான், முந்தைய வலிப்பு எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் அந்த நோட்டையே முதலில் காட்டுங்கள்.