சுருதி மாறினால் கை நிற்கிறதா? பாஸ் லைன் மனப்பாடம் பற்றி

பாஸ் கிட்டார் வாசிக்கிறவங்க முப்பது கிளாசிக் பாஸ் லைனாவது மனப்பாடம் பண்ணணுமான்னு கேக்குறாங்க. முப்பதும் வேண்டாம், நாலஞ்சு போதும். ஆனா டேப் (tab, எந்தக் கம்பியில எந்தக் கட்டம்னு எண்ணால எழுதின தாள்) பாத்து இல்ல, காதால படிங்க. கோயில் கொடைக் கச்சேரியில பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்னதும் கை நிக்குதுன்னா, அனேகமா நீங்க மனப்பாடம் பண்ணினது ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல இருக்கிற கட்டம்) நம்பரைத்தான். திறந்த கம்பி (விரல் வைக்காம மீட்டுறது) வர்ற லைன்தான் முதல்ல காலை வாரும்.

சோதனைக்கு மைக்கேல் ஜாக்சனோட ‘பில்லி ஜீன்’ பாட்டு பாஸ் லைனை எடுங்க. எட்டே சுரம், எல்லாம் சம நீளம். மெட்ரோனோம் 60-ல வச்சு, "ஒண்ணு, அஞ்சு, ஏழு, எட்டு, ஏழு, அஞ்சு, நாலு, அஞ்சு"ன்னு சொல்லிக்கிட்டே தடிச்ச கம்பி ஒண்ணுல மட்டும் வாசிங்க. ஸ-வை ஒண்ணா வச்சு எண்ணின சுரங்கள் இது; எட்டு மேல் ஸ, ஏழு இங்க கைசிகி நிஷாதம் (சின்ன நி). ஒரே கம்பின்னா பழகின விரல் வடிவம் உதவாது. தடுமாறினா சுரம் மனசுல இல்லேன்னு அர்த்தம். சரியா வந்தா அரைக் கட்டை இறக்குங்க, அப்புறம் பாட்டோட அசல் வேகம், மெட்ரோனோம் 117.

போன் ஸ்பீக்கர்ல கேட்டுப் படிக்காதீங்க. தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர்ல அந்த அடிநாதம் வரவே வராது. ஹெட்போன் மாட்டுங்க.

ஒண்ணு மட்டும்: ‘இளைய நிலா’ மாதிரிப் பாட்டுல சொந்தச் சரக்கு வேண்டாம். பாளையங்கோட்டைக்காரங்க காது அதை உடனே பிடிச்சிரும்.