வண்டுக் காலில் இரட்டை மயிர்: ஃபோகஸ் ஸ்டாக்கிங்குக்கு எந்த ஷட்டர்?

வாசகர் ஒருவரின் கேள்வி: மிரர்லெஸ் கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் வைத்திருக்கிறேன். காய்ந்த வண்டு ஒன்றை 1:1 அளவில் (சென்சாரில் அசல் அளவிலேயே விழும்படி), டிரைபாடில், எல்இடி மேசை விளக்கு வெளிச்சத்தில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுப்பது) செய்தேன். எஃப்/16, 1/80 நொடி, மெக்கானிக்கல் ஷட்டர், 40 படங்கள். தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேர்த்துப் (ஃபோகஸ் ஸ்டாக்கிங்) பார்த்தால் படம் மந்தமாக இருக்கிறது, கால் மயிர்கள் சில இரட்டையாகத் தெரிகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறி 1/320-ல் எடுத்தேன். மயிர் சரியானது, ஆனால் பின்னணியெங்கும் பட்டை பட்டையாகக் கோடுகள். எதைத்தான் பயன்படுத்துவது?

முதல் படத்தைக் கெடுத்தது அதிர்வு. இரண்டாவதைக் கெடுத்தது விளக்கு. மந்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எஃப்/16, அதாவது லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) அவ்வளவு சிறிதாக்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் சும்மா இருக்கும்போது திறந்தேதான் இருக்கும். அப்போதுதான் திரையில் காட்சி தெரியும். பட்டனை அழுத்தியதும் அது ஒருமுறை மூடி, உடனே திறந்து, ஒளியைப் பதியவிட்டு, மறுபடி மூடுகிறது. பதிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் நடக்கும் அந்த மூடித் திறக்கும் வேலைதான் கேமராவை உதறுகிறது. 1/1000 நொடி என்றால் உதறலில் மிகச் சிறு பகுதிதான் பதியும். ஒரு முழு நொடி என்றால் உதறல் அதற்குள் அடங்கிவிடும், மீதி நேரத்தில் படம் நன்றாகப் பதிந்துவிடும். மாட்டிக்கொள்வது நடுவில்தான், ஏறத்தாழ 1/30 முதல் 1/250 வரை. உங்கள் 1/80 சரியாக அந்தக் குழிக்குள் விழுந்திருக்கிறது. சோனி 2013-ல் கொண்டுவந்த முதல் ஏ7ஆர் இந்தக் கோளாறுக்காகவே நிறையப் பேச்சு வாங்கியது.

உங்கள் கேமராவில் இது எவ்வளவு என்று பார்க்க ஒரு வழி உண்டு. வண்டின் காலை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஷட்டர் திரை மேலும் கீழுமாக ஓடுவதால் உதறலும் அதே திசையில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே படுக்கை வாட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் இரட்டையாகும், செங்குத்தாக நிற்கும் மயிர் ஒற்றையாகவே இருக்கும். இரண்டுமே கலங்கியிருந்தால் குற்றவாளி ஷட்டர் அல்ல, ஃபோகஸோ டிரைபாடோதான்.

இதற்கு எளிய மருந்து எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்டன் என்ற நடு வழி. பதிவின் தொடக்கத்தைச் சென்சாரே மின்னணு முறையில் பார்த்துக்கொள்ளும், முடிவில் மட்டும் உண்மையான திரை ஓடும். அது தட்டும் நேரத்தில் படம் ஏறக்குறைய பதிந்து முடிந்திருக்கும். 1/2000-க்கு மேல் வேகம் வைத்து அப்பர்ச்சரையும் முழுக்கத் திறந்தால் பின்னணி ஒளி வட்டங்கள் வெட்டுப்பட்டாற்போல் தெரியும் என்பது இதன் குறை. டிரைபாடில் வண்டு எடுப்பவருக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

சரி, பட்டைகள். திரையே ஓடாத முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதில்லை, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. சாதாரணச் சென்சார்களில் இதற்கு 1/15 முதல் 1/60 நொடி வரை ஆகும். நிக்கான் இசட்9, சோனி ஏ1 போன்றவற்றின் அடுக்குச் சென்சார்கள் 1/200-ஐவிட வேகமாக முடித்துவிடுகின்றன. சோனி ஏ9 III குளோபல் ஷட்டர் கொண்டது, அதில் எல்லா வரிசையும் ஒன்றாகவே பதியும். உங்கள் 1/320 என்பது ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே, வேறு வேறு கணத்தில் கிடைக்கும் 1/320. மலிவான எல்இடி விளக்கோ, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஒரு வரிசை வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது மாட்டுகிறது, இன்னொன்று மங்கும்போது. அதுதான் பட்டை. ஸ்டாக்கிங்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு படத்திலும் பட்டை வேறு இடத்தில் விழும். மென்பொருள் தெளிவான துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும்போது பின்னணி ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்புகளாகக் கிடைக்கும்படி வேகத்தை வைத்தால் பட்டை மறையும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/100, 1/50, 1/25. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125, 1/60, 1/30. அதைவிட நல்லது கால் நொடி, அரை நொடி என்று நீட்டிவிடுவது. வண்டு செத்துவிட்டது, டிரைபாட் நிற்கிறது, என்ன அவசரம்? வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியுள்ள விளக்காக இருந்தால் முழு வெளிச்சத்தில் வையுங்கள். குறைத்து வைக்கும்போது பல விளக்குகள் அணைந்து அணைந்துதான் எரிகின்றன. வெள்ளைத் தாள் ஒன்றைப் படச்சட்டம் நிறைய வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, 1/500-ல் ஒன்றும் 1/50-ல் ஒன்றும் எடுத்துப் பாருங்கள். விளக்கின் குணம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த ஷட்டர் என்பதை விளக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபிளாஷுக்கு மாற நினைத்தால் கணக்கு வேறு. ஃபிளாஷ் வெட்டுவது 1/1000 நொடி அல்லது அதற்கும் குறைவு. எலக்ட்ரானிக் ஷட்டரில் அந்தக் கணத்தில் திறந்திருக்கும் வரிசைகளுக்கு மட்டுமே வெளிச்சம் கிடைக்கும் என்பதால் பல கேமராக்கள் ஃபிளாஷை அனுமதிப்பதே இல்லை. மெக்கானிக்கல் அல்லது நடு வழிதான் சரிப்படும். அறை இருட்டாக இருந்தால் படத்தை உறைய வைப்பது ஃபிளாஷே, உதறல் பொருட்டில்லை. ஆனால் கேனான் ஆர்பி, ஆர்5 போன்றவை ஃபோகஸ் பிராக்கெட்டிங்கில் தாமாகவே எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போய்விடும். ஃபிளாஷ் வாங்கும் முன் உங்கள் கேமராவின் கையேட்டைப் புரட்டிவிடுங்கள். ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக இரண்டு மூன்று நொடி இடைவெளியும் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை அப்படி நிதானமாக 90 படம் எடுத்து முடிப்பதற்குள் பறித்து வந்த பூவின் இதழ் மெல்லச் சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு படமும் கூர்மை, சேர்த்தால் குப்பை.

இப்போது எஃப்/16. 1:1 அளவில் லென்ஸில் எழுதியிருக்கும் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, அதாவது உங்கள் எஃப்/16 நடைமுறையில் எஃப்/32. பள்ளியில் படித்த விளிம்பு விளைவு (சிறு துளை வழியே வரும் ஒளி விரிந்து பரவுவது) இங்கே வேலையைக் காட்டும். ஒரு புள்ளி 0.043 மி.மீ. வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ.தான், ஆக ஏழு பிக்சலுக்குக் கசிவு. எஃப்/5.6-ல் அது இரண்டரை பிக்சலாகச் சுருங்கிவிடும். ஒரே படத்தில் ஆழம் (முன்னிருந்து பின்வரை தெளிவு) வேண்டும் என்பதற்காகத்தான் அப்பர்ச்சரை மூடுகிறோம். அடுக்கி எடுக்கும்போது ஆழத்தைப் படங்களின் எண்ணிக்கை கொடுக்கிறது, பிறகு எதற்கு மூட வேண்டும்? எட்டு மடங்கு வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும், அதை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) குறைக்கச் செலவிடுங்கள்.

எஃப்/5.6, 1:1 அளவில் ஒரு படத்தில் தெளிவாக இருப்பது சுமார் 0.45 மி.மீ. கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிய 0.3 மி.மீ. நகர்த்தினால், 10 மி.மீ. ஆழமுள்ள வண்டுக்கு 35 படம் போதும். சிக்கல் என்னவென்றால் கேமராவில் ‘ஸ்டெப்’ என்று வரும் 1 முதல் 10 வரையிலான எண் மி.மீ. கணக்கில் இல்லை. ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்துப் பத்துப் படம் எடுங்கள். அடுத்தடுத்த படங்களில் தெளிவான கோடுகள் சில பொதுவாக இருந்தால் அந்த எண் சரி. இடையில் எந்தப் படத்திலும் தெளியாத கோடு இருந்தால் எண்ணைக் குறையுங்கள். பெரும்பாலான கேமராக்கள் அருகிலிருந்து தொலைவை நோக்கி நகர்வதால், வண்டின் முன்னால் நீட்டியிருக்கும் உணர்கொம்புக்கும் ஒரு மயிரிழை முன்னாலேயே ஃபோகஸைத் தொடங்குங்கள். பின்னால் மிகுந்தால் அழித்துவிடலாம், முன்னால் விட்டது விட்டதுதான்.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். டிரைபாடில், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், மின்விசிறியையும். ஃபோகஸ் நகரும்போது சட்டத்தின் அளவும் சற்று மாறும் என்பதால் ஓரங்களில் இடம் விட்டே எடுங்கள்.

செடியில் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள பூச்சி என்றால் மேலே சொன்ன நிதானமெல்லாம் செல்லாது. அங்கே எலக்ட்ரானிக் ஷட்டரின் வேகம்தான் கைகொடுக்கும். வெயில் துடிப்பதில்லை, பட்டையும் வராது.

படங்களைச் சேர்க்க ஜெரீன் ஸ்டாக்கர் என்ற மென்பொருள் வைத்திருந்தால் கால்களுக்கு பிமேக்ஸ் முறையைப் போடுங்கள், ஒன்றையொன்று கடக்கும் மயிர்களை அது நன்றாகப் பிரிக்கும். வண்டின் வழவழப்பான முதுகுக்கும் பின்னணிக்கும் டிமேப் முறை. இரண்டு விடைகளையும் அந்த மென்பொருளிலேயே தூரிகையால் கலக்கலாம். அப்புறம், ஒவ்வொரு தொகுப்பும் முடிந்ததும் லென்ஸுக்கு முன்னால் கையைக் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். முந்நூறு படங்களுக்கு நடுவே ஒரு வண்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேடும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.