டாப், பேக் ஒட்டும்போது கிளாம்ப் போடுவது: கேள்வி பதில்

கையால் கிதார் செய்கிறவர்கள் டாப்பையும் (முன் தட்டு) பேக்கையும் (பின் தட்டு) பக்கப் பலகையோடு ஒட்டும் கட்டத்தில்தான் அதிகம் பதறுகிறார்கள். பதற்றத்தில் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன, ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, முதல் கிதார். என்னிடம் ஆறு சி-கிளாம்ப்தான் இருக்கிறது. ஸ்பூல் கிளாம்ப் (ஒரு கம்பியில் கோத்த இரண்டு மர வில்லைகளைப் பெட்டிக்கு மேலும் கீழும் வைத்து இறுக்குவது) எத்தனை வேண்டும், வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கிதார் உடம்பின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கணக்குப் போடுங்கள். ட்ரெட்நாட் என்கிற பெரிய கிதார் அளவுக்கு முப்பது வரும். 40 மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் கட்டையை இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்து நடுவில் துளை போட்டு, 6 மி.மீ. மரைக்கம்பி, ஒரு பக்கம் நட், மறுபக்கம் விங் நட், அவ்வளவுதான். மரத்தைத் தொடும் முகத்தில் தோலோ கார்க்கோ ஒட்ட மறக்காதீர்கள்.

ஏன் 40 என்றால், கம்பி பெட்டிக்கு வெளியே நிற்கிறது. டாப் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு 5 மி.மீ., கம்பியின் பாதி 3, பக்கப் பலகை 2, அதற்கு உள்ளே லைனிங் (தட்டு ஒட்டுவதற்காகப் பக்கப் பலகையின் உள் ஓரத்தில் ஓடும் மரப் பட்டை) 6. மொத்தம் 16. வில்லையின் ஆரம் 20 இருந்தால்தான் லைனிங் முழுக்க அழுத்தம் விழும். டாப்பை ஒன்றரை சென்டிமீட்டர் நீட்டி விட்டுவிட்டு "கிளாம்ப் பிடிக்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான். ஒட்டுவதற்கு முன்பே நீட்டலை நாலைந்து மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள்.

ஆறு சி-கிளாம்பை வைத்துப் பெட்டி மூட முயல வேண்டாம். அவை கழுத்துக் கட்டைக்கும் வால் கட்டைக்கும் உதவும்.

கேள்வி: கோ-பார் அடுக்கு (மேலும் கீழும் பலகை, நடுவே வளைத்து நிறுத்திய கம்பிகள் ஒட்டும் மரத்தை அழுத்தும்) கட்டியிருக்கிறேன். 5 மி.மீ. ஃபைபர்கிளாஸ் கம்பிகள். அதிகம் வளைத்தால் அதிகம் அழுத்துமா?

அழுத்தாது. இதை நம்பாத ஆள் எப்போதும் ஒருவராவது இருப்பார், அதனால் சோதனையே சொல்லிவிடுகிறேன். எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு கம்பியை நிமிர்த்தி நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். எண் ஏறிக்கொண்டே போகும், கம்பி வளையத் தொடங்கிய கணத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒரு விரல் வளைத்தாலும் மூன்று விரல் வளைத்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் இதைக் கணக்காகப் போட்டு வைத்துவிட்டார். அழுத்தத்தைத் தீர்மானிப்பது கம்பியின் நீளமும் தடிமனும்தான். உங்கள் 5 மி.மீ. கம்பி 62 செ.மீ. நீளம் இருந்தால் ஒன்றுக்குச் சுமார் மூன்று கிலோ தரும். அதே நீளத்தில் 6 மி.மீ. எடுத்தால் இரண்டு மடங்கு, ஏனென்றால் தடிமன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு.

கோ-பாரின் அருமையே இதுதான். நாற்பது கம்பியும் ஒரே அளவு அழுத்தும், எந்த இடத்திலும் நம் கை பலம் நுழையாது. சி-கிளாம்பில் நாம் கோபத்தில் ஒரு சுற்று கூடுதலாகத் திருகினால் ஸ்ப்ரூஸ் மர டாப்பில் பள்ளம்தான்.

ஒன்று மட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறை கம்பி நழுவி, கண்ணைத் தப்பித்து, ரோசெட்டுக்கு (ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையம்) பக்கத்தில் சரியாக டாப்பின் மேல் விழுந்து நகம் பதித்த மாதிரி ஒரு குழி. ஈரத்துணி வைத்து சால்டரிங் அயர்னால் ஆவி காட்டினேன், முக்கால்வாசி எழும்பியது. மீதியை இன்றும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். கம்பியின் இரு முனைகளிலும் ரப்பர் தொப்பி போட்டிருந்தால் வந்திருக்காது.

கேள்வி: சார், பேக்கைப் பசையில்லாமல் வைத்து ஒத்திகை பார்த்தபோது இடுப்புப் பக்கம் ஒரு தாள் நுழையும் அளவு சந்து தெரிகிறது. நன்றாக இறுக்கினால் மூடிக்கொள்கிறது. ஒட்டிவிடலாமா?

வேண்டாம். இன்று இறுக்கி மூடிய சந்து என்றைக்காவது ஒரு வறண்ட வாரத்தில் திறக்கும். திறக்காவிட்டாலும் அந்த வளைவின் இழுப்பு பேக்கில் அப்படியே தங்கிவிடும். பசை பிடிக்கும் வரை தட்டை நகராமல் வைத்திருப்பதுதான் கிளாம்பின் வேலை. மரத்தை இழுத்துக் கொண்டுவந்து சேர்ப்பது உளிக்கும் உப்புத்தாளுக்கும் உரிய வேலை.

முதலில் பிரேஸ் (தட்டின் உள்பக்கம் குறுக்கே ஒட்டிய வலுக்கட்டை) முனைகளைப் பாருங்கள். பத்தில் ஏழு முறை குற்றவாளி அங்கேதான் இருப்பார். லைனிங்கில் வெட்டிய பள்ளத்தில் பிரேஸின் முனை அடிதட்டி நிற்கும், அது தட்டை ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்கும், சந்து தெரிவது மட்டும் வேறொரு இடத்தில். முனையில் பென்சில் கரி தடவி வைத்து அழுத்தி எடுங்கள், பள்ளத்தின் அடியில் கரி ஒட்டியிருந்தால் அங்கே ஒரு சீவல்.

பிரேஸ் சரியாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள். லைனிங் முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, உப்புத்தாள் ஒட்டிய ரேடியஸ் டிஷ்ஷில் (தட்டின் வளைவுக்கேற்பக் குழிந்த பலகை) கவிழ்த்து, கார் ஸ்டியரிங் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பித் தேயுங்கள். பென்சில் கோடு எங்கும் மிச்சமில்லாமல் போகும்வரை நிறுத்தக் கூடாது. பேக்குக்கு 15 அடி ஆரம் என்றால் 40 செ.மீ. அகலத்தில் நடுப்பகுதி 4 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக எழும்பும். விளிம்பு அந்தச் சரிவில் இல்லாமல் தட்டையாக இருந்தால் வெளிப்பக்க ஓரம் மட்டுமே ஒட்டும். வெளியே பார்க்க எல்லாம் மூடியதுபோல்தான் இருக்கும்! பைண்டிங்குக்கு (விளிம்பைச் சுற்றி ஒட்டும் பட்டை) பள்ளம் வெட்டும்போதுதான் குட்டு உடையும்.

கேள்வி: சைக்கிள் டியூப் சுற்றி ஒட்டுகிறார்களே, அது ஒழுங்கான முறையா, ஏழைக்கேற்ற வழியா?

ஒழுங்கான முறைதான். ஸ்பானியப் பட்டறைகளில் பேக்கைக் கயிறு சுற்றி மூடுவது பழைய வழக்கம், டியூப் அதற்குத் தம்பி. மூன்று விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, கிதாரை வைத்துக் கட்டும் சொலேரா பலகையோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் சுற்றினால் வளைந்த பேக்கின் மேல் தானாகப் பொருந்தி உட்காரும். முதல் கேள்வி கேட்ட தம்பிக்கும் இதையே சொல்வேன். குறை ஒன்றுதான்: சுற்றும்போது தட்டு பக்கவாட்டில் நகரும். கழுத்துக் கட்டையிலும் வால் கட்டையிலும் மெல்லிய குச்சி ஆணி ஒவ்வொன்று இறக்கி மையக் கோட்டைப் பூட்டிவிடுங்கள். அந்தத் துளைகளைப் பின்னால் பைண்டிங்கோ கழுத்தடியில் ஒட்டும் ஹீல் மூடியோ மறைத்துவிடும்.

கேள்வி: மஞ்சள் பசையா (டப்பாவில் வரும் மரப்பசை), வச்சிரமா (சூடாக்கிப் பூசும் தோல் பசை)?

பிரேஸ் ஒட்ட உங்களுக்கு எது பிடிக்குமோ அது. பெட்டி மூட, புதியவர் என்றால் மஞ்சள் பசை. பூசி ஐந்து நிமிடம் போல அவகாசம் தரும், அதற்குள் முப்பது கிளாம்ப் போடவே மூச்சு வாங்கும். வச்சிரம் ஒரு நிமிடத்தில் தயிர்போல் உறைந்துவிடும். உறைந்த பிறகு இறுக்குவது வீண்.

வச்சிரத்தில்தான் மூடுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் வயலின்காரர்கள் வழி உண்டு. பசையே இல்லாமல் சுற்றிலும் ஸ்பூல் போட்டுக்கொண்டு, நான்கைந்தை மட்டும் கழற்றி, மெல்லிய கத்தியில் சூடான பசையை எடுத்துச் சந்தில் நுழைத்து, உடனே திரும்ப இறுக்கி, அடுத்த நான்கைந்துக்கு நகர்வது. அறையைச் சூடாக வைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றி வரலாம். பசைப் பானை 60 டிகிரியில் இருக்கட்டும், கொதிக்க விட்டால் பலம் போய்விடும்.

கேள்வி: எத்தனை நேரம் கிளாம்பில் விட வேண்டும்?

மஞ்சள் பசைக்கு அரை மணி நேரமே போதும் என்று டப்பாவில் இருக்கும். நான் ராத்திரி போட்டுக் காலையில்தான் கழற்றுவேன். ரூட்டர் (சுழலும் வெட்டுக் கருவி) வைத்து நீட்டலை வெட்ட 24 மணி நேரம் ஆகட்டும்.

கேள்வி: வேக்யூம் பை (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அழுத்தும் பை) வைத்துப் பெட்டியே மூடலாமா?

பிரேஸுக்கும் பிரிட்ஜுக்கும் (டாப்பின் மேல் தந்தி மாட்டும் கட்டை) அருமையான சாதனம். மூடிய பெட்டிக்கு வேண்டாம். காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்துகிறது, டாப்பின் பரப்போ ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரு டன். பெட்டி அப்பளமாக நொறுங்கும்.

கேள்வி: உள்ளே வழியும் பசையை என்ன செய்வது?

முதலில் ஒட்டும் தட்டுக்குக் கவலை இல்லை, பெட்டி திறந்துதான் இருக்கிறது. பசை ஜவ்வுபோல் ஆனதும் உறிஞ்சுகுழலைச் சாய்வாக வெட்டி மூலையோடு தள்ளிக்கொண்டு போங்கள், குழலுக்குள் ஏறிவிடும். இரண்டாவது தட்டுக்குத்தான் முன்யோசனை வேண்டும்: லைனிங்கின் உள் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் விட்டுப் பூசுங்கள்.

அப்புறம் யாரும் கேட்காத ஒன்று, ஈரப்பதம். அறை 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் நாளில் மட்டும் மூடுங்கள். மழை நாளில் உப்பிய டாப்பை ஒட்டினால், வறண்ட காலத்தில் அது சுருங்கப் பார்க்கும், குறுக்கே நிற்கும் பிரேஸ் விடாது, நடுவில் விரிசல்.

கேள்வி: அண்ணா, சிரிக்காதீர்கள். பக்கங்களை விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடரை உள்ளேயே வைத்து மூடிவிட்டேன்.

சிரிக்கவில்லை, நானும் செய்திருக்கிறேன். பிளைவுட் துண்டுகளும் டர்ன்பக்கிளும் (திருகினால் நீளும், குறையும் இணைப்பு) என்றால் சவுண்ட்ஹோலுக்குள் (ஒலித்துளை) கையை விட்டுத் திருகைத் தளர்த்துங்கள். துளை 10 செ.மீ. இருக்கும், அதற்குள் அடங்கும் துண்டாக இருந்தால் வெளியே வந்துவிடும். பெரிய துண்டு என்றால் உள்ளேயே சின்ன ரம்பத்தால் இரண்டாக அறுக்க வேண்டும், டாப்புக்கு அடியில் ஒரு அட்டையை நுழைத்துக்கொண்டு. எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.