முதல் ஐ.டி. வேலை: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்தான்: அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். பலர் சி.வி.யையும் இணைத்திருந்தீர்கள். அடையாள அட்டை இலக்கம், மதம், தகப்பனாரின் தொழில் எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவனுக்கு அனுப்பும் தாளில் அடையாள அட்டை இலக்கம் எதற்கு?

கேள்வி: வணக்கம் சேர். எனக்கு ஒரு ஐ.டி. வேலை வேணும். உதவி செய்யவும். (ஊர் எழுதப்படவில்லை)

என்ன படித்தீர்கள், என்ன தெரியும், எந்த ஊர், ஒன்றுமே இல்லை. கம்பனிகளுக்கும் இப்படித்தான் மின்னஞ்சல் போடுகிறீர்களா? அப்படியென்றால் பதில் வராததற்கு அனுபவக் குறைவு காரணமில்லை.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து எட்டு மாதமாகிறது. டொப்ஜொப்ஸில் வரும் விளம்பரமெல்லாம் 1 வருடம், 2 வருடம் அனுபவம் கேட்கிறது. விண்ணப்பிக்கலாமா? (பரந்தன்)

தாராளமாக. 1 வருடம் என்றால் யோசிக்காமல் போடுங்கள். 2 என்றால் மற்றத் தகைமைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் போடுங்கள். 5 என்றால் விட்டுவிடுங்கள். அந்த வருடக் கணக்கு பெரும்பாலும் கூட்டத்தைக் குறைக்கப் போடுவது.

ஆனால் தங்கச்சி, உங்கள் சி.வி.யில் இருக்கும் மூன்று செயற்றிட்டங்களும் நூலகம், வைத்தியசாலை, மாணவர் பதிவு. இதே மூன்றும் உங்கள் வகுப்பில் எல்லோருடைய சி.வி.யிலும் இருக்கும். பார்ப்பவருக்குக் கண் அந்த இடத்தில் நிற்காது. உங்களைச் சுற்றி உண்மையாகவே ஒருவருக்குத் தேவைப்படுகிற சின்ன விடயம் ஒன்றைச் செய்யுங்கள்.

ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் அச்சகங்களிலும் சங்கங்களிலும் இன்னும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யூனிகோட்டுக்கு (இப்போது போனிலும் இணையத்திலும் தமிழ் வரும் பொதுக் குறிமுறை) மாற்றும் நிரலை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடிந்தது என்று தொடங்குவீர்கள், 'கொ' வந்ததும் சிக்குவீர்கள். பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று விசை. யூனிகோட்டில் க முதலில், ஒகரக் குறி பிறகு. தனி எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டால் கொம்பு முன்னாலே அநாதையாக நிற்கும். ஆகவே மூன்று விசைக் கூட்டை முதலில் பிடிக்க வேண்டும், அப்புறம் இரண்டு, கடைசியில் தனி எழுத்து. ஏற்கெனவே இப்படி மாற்றிகள் இருக்கின்றன, இருக்கட்டும். நேர்முகப் பரீட்சையில் இந்தச் சிக்கலையும் அதை அவிழ்த்த விதத்தையும் ஐந்து நிமிடம் உங்களால் சொல்ல முடிந்தால், நூலகத்தையும் வைத்தியசாலையையும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள், எப்படி ஓட்டுவது என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒன்லைனில் 14 சான்றிதழ் எடுத்திருக்கிறேன். இன்னும் எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? (தர்மபுரம்)

போதும் தம்பி. பதினைந்தாவது வேண்டாம்.

உங்கள் சி.வி.யில், தரவுத்தளத்தில் இருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லுக்கு நேரே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். சரி, இதைத் தாளில் எழுதுங்கள்: மாணவர் என்று ஓர் அட்டவணை, புள்ளிகள் என்று இன்னோர் அட்டவணை. பரீட்சைக்கே வராத மாணவர்களின் பெயரை எடுக்க வேண்டும். ஐந்து நட்சத்திரக்காரர்களில் அதிகம் பேர், இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்களை மட்டும் எடுக்கும் இன்னர் ஜொயின் போடுவார்கள், வராதவர்கள் அதிலேயே விழுந்துபோவார்கள். முதல் அட்டவணையில் உள்ள எல்லோரையும் வைத்திருக்கும் லெஃப்ட் ஜொயின் போடத் தெரிந்தவர்களிலும் பலர் 'சமன் நல்' (நல் என்றால் வெற்றிடம்) என்று எழுதிவிட்டு ஏன் ஒன்றும் வரவில்லை என்று முழிப்பார்கள். 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும். இதைச் சான்றிதழ் காப்பாற்றாது. நட்சத்திரங்களை அழித்துவிட்டு, செய்து காட்டக்கூடியதை மட்டும் வையுங்கள்.

கேள்வி: மகன் ஏ.எல். முடித்துவிட்டு இருக்கிறான். கொழும்பில் ஓர் இடத்தில் 3 மாதப் பயிற்சிக்கு 2 இலட்சம் ரூபாய் கட்டினால் சொப்ட்வெயார் கம்பனியில் வேலை நிச்சயம் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். (மல்லாவி)

வைக்க வேண்டாம் ஐயா. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வியாபாரம் ஏ-9 வீதி நீளத்துக்கும் நடக்கிறது. மதிலில் ஒட்டும் போஸ்டரில் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

வேலை தருபவன் சம்பளம் கொடுப்பவன், வாங்குபவன் இல்லை. உண்மையாகவே ஆள் தேவைப்படும் கம்பனி பயிற்சிக்கு ஆளை எடுத்தால், சிறிதென்றாலும் மாதப்படி ஒன்று கொடுக்கும். படிப்பிக்கக் காசு வாங்குவதில் தப்பில்லை, ஆசிரியருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அது வகுப்புக் கட்டணம். வகுப்பையும் வேலையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எந்தக் கம்பனி, என்ன பதவி, எவ்வளவு சம்பளம், எந்தத் திகதிக்குள், தராவிட்டால் காசு எப்போது திரும்பும். கேட்டுப் பாருங்கள், எழுத்தில் வருவது 'வேலைவாய்ப்புப் பெற உதவி செய்யப்படும்' என்ற ஒரு வரி. அந்த உதவி என்னவென்றால், மகனின் சி.வி.யை எல்லோரும் பார்க்கிற அதே விளம்பரங்களுக்கு அனுப்பிவிடுவது. அதை அவன் மல்லாவியில் இருந்தே செய்யலாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. இன்டர்ன்ஷிப் தந்துவிட்டோம் என்று தங்கள் அலுவலகத்திலேயே மூன்று மாதம் இருத்தி, அடுத்த தொகுதிப் பிள்ளைகளைப் பிடிக்கப் பேஸ்புக் விளம்பரம் செய்ய விடுவார்கள். அப்படி ஓரிடத்தில் முடித்த பிள்ளை ஒருத்தி என்னிடம் நேர்முகத்துக்கு வந்தாள். சி.வி.யில் 'சொப்ட்வெயார் இன்ஜினியர் இன்டர்ன்' என்று இருக்கிறது. என்ன நிரல் எழுதினீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, கான்வாவில் போஸ்டர் செய்தேன் சேர் என்றாள். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. காசு கட்டிய வீட்டுக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமே என்று அந்தத் தாளைச் சுமக்கிறாள். எனக்குக் கோபமெல்லாம் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தவர்மேல்தான்.

சரி, என்ன செய்யலாம்? எந்தத் தொழிற்பயிற்சி இடமென்றாலும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவு சட்டப்படி கட்டாயம். அப்புறம், முன்னே படித்தவர்களை விசாரியுங்கள். அவர்கள் பொறுக்கித் தரும் இலக்கங்கள் வேண்டாம். லிங்க்ட்இன்னில் அந்த இடத்தின் பெயரைத் தேடினால் அங்கே படித்தவர்கள் வருவார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

உங்களுக்கு எட்டின தூரத்திலேயே கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அரசாங்கத்தினுடையது, தகவல் தொழில்நுட்பத்தில் என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) தரப் படிப்பு இருக்கிறது. மகன் வீட்டிலேயே தொடங்க விரும்பினால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஒன்லைனில் இலவசமாக நடத்தும் ஃபுல் ஸ்டக் (இணையத்தளத்தின் முன்பக்கத்தையும் பின்னணியையும் சேர்த்துச் செய்யும்) பயிற்சியைச் செய்யட்டும். செலவழித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு பாவித்த லப்டொப் வாங்கிக் கொடுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். காசு கேட்டால் அது வேலை இல்லை.

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 1,000 டொலருக்கு மேல், அனுபவம் தேவையில்லை, விசிட் விசாவில் போகலாம் என்று வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (புதுக்குடியிருப்பு)

போகாதீர்கள். இதே வார்த்தைகளை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் தாய்லாந்து எல்லையைத் தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, ஒன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டார்கள். மற்றவர்களை ஏமாற்றும் வேலையை அடிபட்டுச் செய்ய வேண்டியதாயிற்று. மீட்டுக் கொண்டுவர அரசாங்கமே இறங்க வேண்டியிருந்தது. அனுபவமில்லாதவனுக்கு ஆயிரம் டொலர் ஏன் தருகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். வெளிநாட்டு வேலை எதுவானாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து அந்த முகவரைப் பற்றிக் கேளுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போவது என்று ஒன்று கிடையாது.

கேள்வி: ஏ.எல். கலைப் பிரிவு. ஐ.டி. பக்கம் வர வழி இருக்கிறதா? (முழங்காவில்)

இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டமான பி.ஐ.டி.க்கு ஏ.எல். எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை. பரீட்சை ஆங்கிலத்தில். அல்லது என்.வி.கியூ. ஏணியில் ஏறலாம்: 4 சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். கலைப் பிரிவு என்பதற்காகக் கூச வேண்டியதில்லை. தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் பஞ்சம்.

கேள்வி: கோடிங் வரவில்லை. கியூ.ஏ. (மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை) சுலபம் என்கிறார்கள். (செட்டிகுளம்)

யார் சொன்னது? 'லொகின் வேலை செய்யவில்லை' என்று எழுதுபவரைக் கியூ.ஏ.க்கு எடுக்கமாட்டார்கள். 'அன்ரொயிட் போனில், பதிவுப் பக்கத்தில் பெயரைத் தமிழில் போட்டு அனுப்பினால் வெறும் பக்கம் வருகிறது, ஆங்கிலத்தில் போட்டால் வருவதில்லை, மூன்று தரம் பார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன்' என்று எழுதுபவரை எடுப்பார்கள். நீங்கள் பாவிக்கும் ஏதாவது இணையத்தளத்தில் பத்துக் குறை கண்டுபிடித்து இப்படி எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் செயற்றிட்டம். சோதனையாளர்களுக்கான ஐ.எஸ்.ரி.கியூ.பி. அடிப்படைப் பரீட்சை 40 கேள்வி, ஒரு மணி நேரம், 65 வீதம் எடுத்தால் சித்தி. அது பிறகு. முதலில் செய்து காட்டுங்கள். கோடிங் பக்கமே வராமல் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம், சோதனைகளைத் தானியக்கமாக்க அங்கேயும் அது வேண்டும்.

கேள்வி: வயது 31. 2009இல் இடம்பெயர்ந்து படிப்புக் குழம்பியது. ஓ.எல். பிந்தித்தான் எழுதினேன். சி.வி.யில் அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது? (விசுவமடு)

சொல்லவே தேவையில்லை. பள்ளிக்கூட வருடங்களை யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். கடைசி இரண்டு வருடத்தில் என்ன செய்தீர்கள் என்பதை மேலே எழுதுங்கள். கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வாருங்கள். தனியார் துறையில் 31 ஒரு தடையில்லை. அரச பதவிகளுக்குத்தான் வயதெல்லை, வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூமில் நேர்முகம். எங்கள் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆங்கிலமும் பயம். (நெடுங்கேணி)

முதல் நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் இருந்து ஒரு நண்பனோடு சூமில் கதைத்துப் பாருங்கள். காலையில் நன்றாக வரும் சிக்னல் பின்னேரம் படுத்துவிடும். வேறு கம்பனி சிம்மோடு இரண்டாவது போன் ஒன்று சார்ஜ் ஏற்றிப் பக்கத்தில் இருக்கட்டும். தொடக்கத்திலேயே, இடையில் அறுந்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை, முன்யோசனை உள்ள ஆள் என்றுதான் நினைப்பார்கள். வீட்டில் முடியாவிட்டால் வவுனியாவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆங்கிலத்துக்குக் குறுக்கு வழி இல்லை. உங்கள் செயற்றிட்டத்தைப் பற்றித் தினமும் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் போனில் பதிந்து கேளுங்கள். பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டாம். அது முதல் வசனத்திலேயே பிடிபடும்.

கேள்வி: சட்ஜிபிடி இருக்கும்போது புதியவர்களை எடுப்பார்களா? (கனகராயன்குளம்)

முன்பைவிடக் குறைவாக எடுக்கிறார்கள். பாவியுங்கள், ஆனால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூட உங்கள் பெயரில் வைக்காதீர்கள்.

கேள்வி: கொம்பியூட்டர் திருத்தும் கடையில் மூன்று வருடமாக நிற்கிறேன். அனுபவம் இல்லை. நெட்வேர்க் பக்கம் போக ஆசை. (மாங்குளம்)

மூன்று வருடம் கடையில் நின்றுவிட்டு அனுபவம் இல்லை என்கிறீர்கள்! வைரஸ் பிடித்த மெஷினில் தரவை மீட்டது, பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வயர் இழுத்தது, கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தது எல்லாம் ஐ.டி. சப்போர்ட் வேலைதான். அப்படியே எழுதுங்கள். கடைக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். நெட்வேர்க் தகைமையான சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு 300 டொலர், அதாவது 90,000 ரூபாய்க்கு மேல். அவசரப்பட்டுக் கட்டவேண்டாம். நெட்வேர்க்கைக் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கும் பக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம், அதில் கை பழகட்டும்.

கேள்வி: வேலை கிடைத்துவிட்டது. 2 வருட ஒப்பந்தம். சான்றிதழ்களின் அசலைத் தாங்கள் வைத்திருப்போம் என்கிறார்கள். (ஒட்டுசுட்டான்)

வாழ்த்துகள். ஒப்பந்தத்தை அங்கேயே வைத்துக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். ஈ.பி.எஃப்.பில் (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 8 வீதம், அவர்களுடையது 12. ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. உங்கள் சம்பளத்திலிருந்து எல்லாவற்றையும் வெட்டுவோம் என்றால் ஏமாற்று. உத்தரவாதத்துக்கு முற்பணம் என்று ஏதாவது கேட்டார்களா? கேட்டால், மல்லாவி ஐயாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். அசலைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வாருங்கள்.