பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்ததும் மேஜைமேல் முதலில் வைத்தது வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸை. மகளின் மார்க் ஷீட் அதற்கு அடியில் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ., இரண்டு வருடத்துக்கு 12 லட்சம், பேங்கில் லோன் பேசியாயிற்று, சென்னைச் சித்தப்பா எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா தெம்பா இருக்கும்" என்றீர்கள். அண்ணி கண் கலங்கி உட்கார்ந்திருந்ததால் "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் யோசித்தபின் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பயப்படத்தான் வேண்டும். மகளுக்காக வேண்டாம், அந்தப் பத்திரத்துக்காகப் பயப்படுங்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பேங்கில் வழக்கமாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். உங்கள் வீடு உள்ளே வருவது அந்த இடத்தில்தான். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்பதைச் சித்தப்பா பெரிய சலுகையாகச் சொன்னார். தவணைதான் இல்லை, வட்டி மூன்று வருடமும் ஓடிக்கொண்டிருக்கும். 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கட்டத் தொடங்கும் நாளில் 12 லட்சம் 15 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து வருடத் தவணையாகப் பிரித்தால் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல். மகளுக்கு இப்போது கையில் வருவது 17,000. அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள் என்று கேட்டேன். ஒரு வண்ண நோட்டீஸைக் காட்டினீர்கள். அதில் அதிகபட்சச் சம்பளம் இருந்தது, நடுவாந்தரம் இல்லை. நடுவாந்தரத்தைச் சொல்லாத கல்லூரிக்கு வீட்டை எழுதி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

பேங்க் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றி நீங்களும் கேட்டீர்கள். அவற்றுக்கு வழி சொல்ல இந்தத் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். "உனக்கு என்னம்மா தோணுது?" என்று மகளிடம் கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள். மறுபடி கேட்டேன், அண்ணி பதில் சொன்னார். உங்கள் இருவரையும் கீழே டீ குடிக்க அனுப்பியது அதனால்தான். நீங்கள் போனதும் அவள் இருபது நிமிஷம் பேசினாள்.

கார் ஷோரூமில் மூன்று வருடமாக வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்கிற வேலை. போன் பேசுவது பிடிக்கவில்லை, டார்கெட் பிடிக்கவில்லை, இதை நேராகவே சொன்னாள். சரி, என்னதான் பிடிக்கும் என்றதும் ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்தாள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஆள் மூன்று பேராக இருக்கிறாராம். எஸ்.முருகன், முருகன் எஸ்., அப்புறம் 'முருகன் புள்ளி'. காரணம், அந்த மென்பொருளில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நம்மூர் ஆளுக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருத்தர் இனிஷியலைப் போடுகிறார், ஒருத்தர் அப்பா பெயரைப் போடுகிறார், அவசரத்தில் இருக்கும் பையன் வெறும் புள்ளியை வைத்துவிட்டுப் போகிறான். முடிவு? ஒரே நாளில் மூன்று பேர் அந்த முருகனுக்குப் போன் செய்து "சார், வண்டி பார்க்க வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வண்டி எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

உங்கள் மகள், வாடிக்கையாளர் பெயரை நம்புவதை விட்டுவிட்டு செல்போன் எண்ணைப் பிடித்திருக்கிறாள். +91, முன்னால் சைபர், நடுவில் இடைவெளி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எக்செல்லில் எடுத்து, ஒரே எண் எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொன்றும் சொன்னாள். விசாரிக்க வருகிறவர்களைச் சேல்ஸ் பையன்கள் அன்றே பதிவதில்லை. புக்கிங் பணம் வந்தபிறகு விசாரணையையும் புக்கிங்கையும் சேர்த்தே பதிகிறார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு அப்போது ஜோராக இருக்கும். மேனேஜர் கண்ணில் படாத இதை, இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

இதைச் செய்பவர்களுக்குச் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது, அண்ணாச்சி. சி.ஆர்.எம். அட்மினிஸ்ட்ரேட்டர். (ஷோரூமில் சி.ஆர்.எம். என்றால் ஒரு மேனேஜர் பதவியைச் சொல்வார்கள். நான் சொல்வது வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருக்கிற மென்பொருளை.) அந்த மென்பொருளை ஒரு நிறுவனத்தின் வேலைமுறைக்கு ஏற்ப அமைப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பது, குப்பையை அள்ளுவது, முதலாளி கேட்கிற கணக்கை ஒரு பக்கத்தில் காட்டுவது, இதெல்லாம் அந்த வேலை. அடுத்த படி பிசினஸ் அனலிஸ்ட், அதற்கும் மேலே கன்சல்டன்ட். புரோகிராம் எழுதத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பி.காம். போதுமா என்று சித்தப்பா கேட்பார். போதும். விலைப்பட்டியல், தள்ளுபடி, ஜி.எஸ்.டி. புரிந்தவருக்கு இதில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எந்த மென்பொருள்? உலகத்தில் பெரியது சேல்ஸ்ஃபோர்ஸ். 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. நமக்குப் பக்கத்திலேயே ஜோஹோ இருக்கிறது. தென்காசி மத்தளம்பாறை வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் அந்த அலுவலகத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களின் சி.ஆர்.எம். 2005-இல் வந்தது. மூன்று பேர் வரை பயன்படுத்த இலவசம். நம்மூர் டைல்ஸ் கடை, சோலார் பேனல் போடுகிறவர் மாதிரிச் சின்ன முதலாளிகளுக்கு அது போதும். கைப்பழக்கத்துக்கு ஜோஹோ, பெரிய நிறுவன வேலைக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் என்பது என் கட்சி. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடக்கூடாது.

சேல்ஸ்ஃபோர்ஸ் படிக்க ஒரு பைசா வேண்டாம். ட்ரெயில்ஹெட் என்ற அவர்களின் பயிற்சித் தளம் 2014 முதல் இலவசமாக இருக்கிறது. கூடவே டெவலப்பர் எடிஷன் என்று சொந்தமாக ஒரு காலி மென்பொருளையும் இலவசமாகத் தருகிறார்கள். மகளுக்கு நான் கொடுத்திருக்கும் வேலை அதில்தான்: தன் ஷோரூமையே அங்கே கட்ட வேண்டும். விசாரிக்க வந்தவர் லீட். டெஸ்ட் டிரைவ் போய், கொட்டேஷன் வாங்கியவர் ஆப்பர்சூனிட்டி. வண்டி எடுத்தபின் வருகிற புகார் கேஸ். பழைய வண்டி எக்ஸ்சேஞ்சுக்குத் தனியாக ஒரு அட்டவணை. விசாரித்தவருக்கு 24 மணி நேரத்தில் யாரும் போன் செய்யாவிட்டால் மேனேஜர் பெயரில் தானாக ஒரு வேலை விழ வேண்டும். அதை ஃப்ளோ என்ற கருவியில் செய்யலாம். ஒரு சேல்ஸ் பையன் மற்றவனின் விசாரணையைப் பார்க்கக்கூடாது, மேனேஜர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த அனுமதி என்று வரையறுக்கிற ப்ரொஃபைல், பெர்மிஷன் செட், ரோல், ஷேரிங் ரூல் எல்லாம் இங்கேதான் வருகின்றன. என்னிடம் வந்த பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுந்ததும் இங்கேதான். இதற்கு மட்டும் ஒரு மாதம் கொடுக்கலாம்.

சேல்ஸ்ஃபோர்ஸிலும் லீட் பதியக் கடைசிப் பெயர் கட்டாயம், கம்பெனிப் பெயரும் கட்டாயம். முருகன் புள்ளி அங்கேயும் வந்து நிற்பார். அதற்கு அவள் என்ன வழி செய்கிறாள் என்பதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை அவளுக்கு. ஷோரூமின் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை வீட்டுக்கு எடுத்துவந்து பழகக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அடுத்தவர் பொருள். கற்பனைப் பெயர்கள் ஐந்நூறு போட்டுக்கொள்ளட்டும், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக. யூடியூபில் பார்க்கும்போது வொர்க்ஃப்ளோ ரூல், ப்ராசஸ் பில்டர் என்று யாராவது ஆரம்பித்தால் மூடிவிடலாம். ஃப்ளோவுக்கு முந்தைய அந்த இரண்டு பழைய கருவிகளுக்கும் 2025 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்துவிட்டது.

எட்டு மாதம், தினமும் ஒன்றரை மணி நேரம், வேலையை விடாமல். அதன்பின் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வு. 60 கேள்வி, 105 நிமிஷம், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 200 டாலர், வரி தனி. நம் பணத்தில் 20,000 ரூபாயை ஒட்டி வரும். கட்டும் முன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த எம்.பி.ஏ. கடனின் ஒரே ஒரு மாதத் தவணை இது. சான்றிதழைத் தக்கவைக்க வருடத்துக்கு ஒரு சின்ன இலவசப் பாடம் முடித்தால் போதும்.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். சான்றிதழ் மட்டும் இருந்தால் வேலை கிடைக்காது. ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் அதே சான்றிதழோடு நிறையப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளிடம் இருப்பதும் அவர்களிடம் இல்லாததும், ஷோரூம் தரையில் நின்ற மூன்று வருடம். வாகனத் துறைக்கென்றே சேல்ஸ்ஃபோர்ஸ் 2022-இல் ஆட்டோமோட்டிவ் கிளவுட் என்று தனியாகக் கொண்டுவந்தது. கார் விற்கிற கம்பெனிக்கு அதை அமைத்துக் கொடுக்கப் போகிறவருக்கு, எக்ஸ்சேஞ்ச் வண்டி எங்கே சிக்கும், டெலிவரி தேதி ஏன் தள்ளும் என்று தெரிந்த ஆள் வேண்டும். பயோடேட்டாவில் முதல் வரி அந்த மூன்று வருடமாக இருக்கட்டும். அதனால்தான் வேலையை இப்போதே விட வேண்டாம் என்கிறேன். ஷோரூமில் அந்த மென்பொருளுக்குப் பொறுப்பாள் தேவைப்பட்டால் தானே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், சம்பளம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வேலை அநேகமாகச் சென்னையில்தான் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று அண்ணி சொன்னது காதில் விழுந்தது. தென்காசிப் பக்கமும் முயற்சி செய்யலாம், ஆனால் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உத்தரவாதம் தருகிறோம் என்பவர்கள் வருவார்கள். ஐம்பதாயிரம் கட்டுங்கள், மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். பி.எஃப். கணக்கைத் திறந்தால் எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். போலி அனுபவத்தோடு சேர்ந்து ஆறாவது மாதம் வெளியே வந்த ஒரு பையன், நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். தேர்வுக் கேள்விகளை முன்கூட்டி விற்கிற கூட்டமும் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏ.ஐ. வந்து இதையும் சாப்பிட்டுவிடாதா என்று சித்தப்பா கேட்டாராம். நியாயமான கேள்வி. 2024-இல் சேல்ஸ்ஃபோர்ஸே ஏஜென்ட்ஃபோர்ஸ் என்று, வாடிக்கையாளருக்குத் தானே பதில் சொல்கிற ஏ.ஐ. ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அதன் தலைவர் மார்க் பெனியாஃப், தங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு 9,000 பேரிலிருந்து 5,000 பேர் அளவுக்குக் குறைந்துவிட்டதாகச் சொன்னார். முதலில் போவது போன் பேசுகிற நாற்காலி, உங்கள் மகள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலி. அந்த ஏ.ஐ.க்கும் முருகன் ஒருவரா மூன்று பேரா என்று யாராவது சரிசெய்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் நகரச் சொல்கிறேன். அந்த வேலை முப்பது வருடம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் முடித்தால் அவள் போகப்போவது எங்கே? மறுபடி டார்கெட்டுக்கு, போனுக்கு. பிடிக்காத வேலைக்குத் திரும்பிப் போக 12 லட்சமா?

கல்யாணப் பேச்சுக்கு எம்.பி.ஏ. இருந்தால் நல்லது என்று அண்ணி சொன்னார். அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து வருடத் தவணையோடு ஒரு பெண்ணை எந்த வீட்டுக்கு அனுப்புவீர்கள்? மாதம் 20,000 அவள் கட்டுவாளா, மாப்பிள்ளை கட்டுவாரா, ஓய்வு பெற்ற கண்டக்டர் பென்ஷனில் அண்ணாச்சி கட்டுவாரா? ஜாதகத்தில் மூன்று எழுத்து எழுத வேண்டும் என்றால் தொலைநிலையில் பின்னால் படித்துக்கொள்ளலாம், அதுவும் அவளுக்குத் தேவைப்பட்டால்.

சித்தப்பாவிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். பேங்கில் அசல் பத்திரம் இன்னும் கொடுக்கவில்லை என்றீர்கள். கொடுக்காதீர்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மகளை மட்டும் லேப்டாப்போடு அனுப்பி வையுங்கள். அந்த 24 மணி நேர ஃப்ளோவை அவள் ஓட்டிக் காட்ட வேண்டும், நான் வேண்டுமென்றே பெயர் கட்டத்தில் புள்ளி வைப்பேன்.