மின்சாரத்தை மிச்சப்படுத்த வீட்டு சர்வரில் ஹைப்பர்திரெடிங்கை அணைக்கலாமா?

மின்கட்டணத்துக்காக மட்டும் என்றால், செயலியின் ஒரு கோர் (கணக்கிடும் பகுதி) ஒரே நேரத்தில் இரண்டு திரெட்களை (வேலை வரிசைகளை) ஓட்டவிடும் இந்த வசதியை அணைக்க வேண்டாம். உங்கள் சர்வரும் என்னுடையதைப் போல நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில், ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப், நான்கு கோர், எட்டு திரெட், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளோடு குடும்பப் படங்களைக் காத்துவருகிறது. அக்கினி நட்சத்திரத்தில் அந்த அறைக்குள் நிற்க முடியாது. ஹைப்பர்திரெடிங்கை அணைத்தால் பாதிச் சூடு போய்விடும் என்று விவரம் தெரிந்த நண்பர் அடித்துச் சொன்னதை நம்பி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்தேன். பிளக்கில் செருகியிருந்த வாட் மீட்டர் முன்பும் 27 காட்டியது, பின்பும் 27 காட்டியது. அதில் வியப்பில்லை, ஹைப்பர்திரெடிங் புதிதாக ஒரு கோரைச் சேர்ப்பதில்லை, ஒரே கோரில் வேலையின்றிக் கிடக்கும் பகுதிகளை இன்னொரு திரெடுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வேலை இல்லாதபோது கோர் முழுவதுமே உறங்கிவிடுகிறது.

வேலை கொடுத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மைத்துனர் எடுத்த எதிர்சேவைக் காணொளிகளைச் சுருக்க, முன்பு 61 வாட்டில் 40 நிமிடம் ஆனது; அணைத்தபின் 56 வாட்டில் 52 நிமிடம். வாட் குறைந்ததே என்று வாதிட வருவோருக்காக, முன்னதாக முடிந்த 12 நிமிடச் சும்மா நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டேன்: முன்பு சுமார் 46 வாட்-மணி, பின்பு 48.5. என் எந்திரத்தின் கணக்கு இது. உங்களுடையது சற்று மாறலாம்.

பாதுகாப்பு வேறு விஷயம். 2018இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இதை இயல்பாகவே அணைத்துவைத்தது, 2019இல் இன்டெல் செயலிகளில், ஒரு திரெடின் தரவை அதே கோரின் மறு திரெட் உளவு பார்க்க வழிவிடும் எம்டிஎஸ் ஓட்டைகள் வெளிவந்தன. முன்பின் தெரியாதவர்களின் மெய்நிகர் கணினிகளை உங்கள் சர்வரில் ஓடவிட்டால் தயங்காமல் அணையுங்கள். லினக்ஸில் அதற்கு ரீஸ்டார்ட் கூடத் தேவையில்லை. வீட்டார் மட்டும் புழங்கும் சர்வருக்கு, செயலியின் மைக்ரோகோடையும் (உள் நிரலையும்) கர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதியையும்) புதுப்பித்துவருவதே போதும் என்பது என் கருத்து.

எனக்கு உண்மையில் மிச்சம் தந்தவை ஹார்டு டிஸ்க்குகள்தாம். இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் சுழற்சி நிற்கும்படி அமைத்ததும் மீட்டர் 18க்கு இறங்கியது. நாள் முழுவதும் எரியும் ஒரு வாட் இரண்டு மாத மின்கணக்கில் 1.44 யூனிட் என்பதால், ஒன்பது வாட்டுக்கு ஏறக்குறைய 13 யூனிட் குறையும். காலையில் அப்பா படங்களைத் திறக்கும்போது டிஸ்க் விழித்தெழப் பத்து வினாடி ஆகிறது; அதற்கு மட்டும் அவரிடம் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.