கலர் கோட்டு வக்கீலம்மா: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில கிடக்கு, ஏப்ரல் 15-ல இருந்து வீட்டுக்காரரு வலைய சரி பண்றதும் தூங்குறதுமா இருக்காரு, நான் மக போன்ல 'தி குட் வைஃப்'னு அமெரிக்க கோர்ட் சீரியல் பாக்குறேன், கீழ ஓடுற எழுத்த அவ படிச்சு சொல்லுவா. அதுல எல்ஸ்பெத்னு ஒரு வக்கீலம்மா, எப்பவாவதுதான் வர்றாங்க, வந்தா அன்னைக்கு மத்தவங்க யாருமே கண்ணுல பட மாட்றாங்க. ஏண்ணே அடிக்கடி காட்ட மாட்றாங்க? - வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, சரியான ஆளப் புடிச்ச. வலை மடிய அவுத்துக் கொட்டும்போது சங்காயத்துக்குள்ள, அதான் கழிவு மீனுக்குள்ள, ஒரு கணவாய் கிடக்குமே, அந்த மாதிரி. நடிச்சவங்க பேரு கேரி ப்ரெஸ்டன். 2009-ல இருந்து 2016 வரைக்கும் 156 எபிசோட் ஓடுன சீரியல், அதுல இவங்க வந்தது ரொம்ப கொஞ்சம், ஆனா 2013-ல கெஸ்ட் நடிகைக்கான எம்மி, அதான் அமெரிக்க டிவி விருது, இவங்களுக்குத்தான்.

அடிக்கடி காட்டுனா அந்த கேரக்டரே செத்துரும், நான் அப்படித்தான் நெனைக்கிறேன். அதுல வர்ற வக்கீல் வில் கார்ட்னர் மேல கிராண்ட் ஜூரி விசாரணை, அதான் கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற விசாரணை, வந்தப்ப இவங்கள பாத்திருப்ப, கலர் கலரா கோட்டு, தோள்ல பை, சொல்ல வந்தத பாதியில விட்டுட்டு வேற எதையோ பாத்து சிரிக்கிறது, எதிர்ல இருக்கவன் 'இது லூசு போல'ன்னு அசால்ட்டா இருப்பான், அங்கதான் கவுருவான். வாரா வாரம் வந்தா எவன் அசால்ட்டா இருப்பான்? அதுக்குத்தான் 2024-ல இவங்கள ஹீரோயினாக்கி 'எல்ஸ்பெத்'னு தனி சீரியல் எடுத்தப்ப சிகாகோவ விட்டே கெளப்பி நியூயார்க்குக்கு அனுப்பிட்டாங்க, போலீஸ் வேலைய கவனிக்கிற ஆளா. வாரத்துக்கு ஒரு கொலைகாரன், கொலைய முதல்லயே நமக்கு காட்டிருவாங்க, ஆனா அவனுக்கு இந்தம்மா யாருன்னே தெரியாது. பழைய வித்தைதான், ஏமாற ஆளு மட்டும் புதுசு.

நம்ம ராம்நாடு கோர்ட்லயும் அப்படி ஒருத்தர பாத்தேன், ஒரு எடத் தகராறுக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைஞ்ச காலத்துல. வக்கீல் குமாஸ்தா, கையில மஞ்சப்பை, எங்க போனாலும் 'டீ சாப்டீகளா'ன்னு கேட்டுக்கிட்டே வருவாரு, நான் சும்மா எடுபிடின்னு நெனச்சேன். ஒருநாள் எதிர்தரப்பு பத்திரத்த வாங்கி எல்லாரும் உள்ள எழுதிருக்கத படிச்சுக்கிட்டு இருக்க, இவரு முத்திரைத்தாள திருப்பி பின்பக்கத்த பாத்தாரு. தாள் வாங்குன தேதி பத்திரத்துல போட்ட தேதிக்கு ரெண்டு மாசம் பின்னாடி. சொல்லிட்டு திரும்பவும் டீயப் பத்தி கேட்டாரு.

கேள்வி: அமெரிக்க கோர்ட் சீரியல்ல 12 பேர் வரிசையா உக்காந்திருக்காங்களே, நம்மூர்ல ஏன் இல்ல? - வாசகர், மண்டபம்

பதில்: அது ஜூரி, குத்தம் செஞ்சானா இல்லையான்னு முடிவு சொல்ற சாதாரண சனங்க. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே அதுக்கு எடமில்ல, 2024 ஜூலைல வந்த புதுச் சட்டத்துலயும் இல்ல. அங்க வக்கீலுக எமோஷனா பேசுறது அந்த 12 பேருக்காக. இங்க நீங்க கண்ணீர் விட்டாலும் ஜட்ஜய்யா 'விஷயத்துக்கு வாங்க'ம்பாரு.

கேள்வி: 'எல்ஸ்பெத்'ல ஜட்ஜ் க்ராஃபோர்டா வர்றவரு கேரி ப்ரெஸ்டனோட நிஜ வீட்டுக்காரராமே? - வாசகி, கீழக்கரை

பதில்: ஆமாக்கா, மைக்கேல் எமர்சன், 1998-ல கல்யாணம். சீரியல்ல ரெண்டு பேரும் எதிரும் புதிருமா முறைச்சுக்குவாக. இன்னொண்ணு கேளுங்க, அவருக்கும் 2001-ல கெஸ்ட் நடிகருக்கான எம்மி கெடச்சிருக்கு, 'தி ப்ராக்டிஸ்'னு ஒரு சீரியலுக்கு. அதுவும் கோர்ட் சீரியல்தான், அதுலயும் கொஞ்ச எபிசோட்தான்.